நன்னாரி: மணத்தால் அறியப்பட்ட வேர்

நன்னாரி மெல்லிய தண்டுள்ள பல்லாண்டுக் கொடி. வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் கரட்டுப் புதர்களிலும் மலையடிவாரத்துக் கல்லாங்காட்டிலும் தானாக முளைக்கும். பக்கத்தில் குச்சி இருந்தால் சுற்றிக்கொண்டு ஏறும். இல்லாவிட்டால் தரையிலேயே படரும். கங்கைச் சமவெளி தொடங்கித் தெற்கே குமரி வரையிலும், கடல் கடந்து இலங்கையிலும் இது வளர்கிறது. பூ சிறியது, காய் உண்ணத் தகாதது, தண்டு விறகுக்கும் ஆகாதது. மனிதர்கள் இதைத் தேடிப் போனதெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் வேருக்காக. அந்த வேரின் மணமே இதை வைத்தியர் பெட்டிக்கும் சர்பத் கடைக்கும் லண்டன் மருந்து நூலுக்கும் கொண்டுபோனது.

கொடியை அடையாளம் காண்பதில் முதல் சிக்கல் இலை. ஒரே கொடியில் இலை ஒரே வடிவில் இருப்பதில்லை. இளங்கொடியில் குறுகி நீண்டிருக்கும். முதிர்ந்த கொடியில் அகன்று நீள்வட்டமாகும். எதிரெதிராக அமைந்த கரும்பச்சை இலையின் மேற்புறத்தில் நடுநரம்பை ஒட்டி வெண்ணிறக் கோடோ திட்டோ ஓடும். பழகிய கண் முதலில் பிடிப்பது இந்த வெண்மையைத்தான். ஆனால் எல்லா இலையிலும் அது தெளிவாகத் தெரியும் என்று சொல்வதற்கில்லை. இலையைக் கிள்ளினால் பால் வடியும். இலைக் கக்கத்தில் நெருங்கிப் பூக்கும் பூக்கள் வெளியே பசுமையும் உள்ளே கருஞ்சிவப்புமாக இருக்கும். காய்கள் இரண்டிரண்டாக, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் மெல்லிய உருளைகள். வெடித்தால் பட்டுப் போன்ற வெண்பஞ்சு ஒட்டிய விதைகள் காற்றில் பறக்கும்.

வேர் நீளமானது, அதிகம் கிளைக்காதது, பெரும்பாலும் பென்சில் பருமனுக்குள் அடங்குவது. மேல்பட்டை கருஞ்சிவப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். காய்ந்த வேரை வளைத்தால் பட்டை குறுக்காக வெடித்து, வளையம் வளையமாகக் கழன்று, உள்ளே மஞ்சள் சாயலுள்ள கட்டை தெரியும். மணம் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. உள்கட்டையைத் தனியே முகர்ந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இதனால்தான் பருத்த முதிர்ந்த வேரைவிட மெல்லிய வேர்களை வைத்தியர்கள் விரும்பினார்கள். பருத்த வேரில் கட்டை மிகுந்து பட்டையின் பங்கு குறைந்துவிடும்.

மணத்தைச் சோதிக்காமல் இலையை மட்டும் நம்புவது ஆபத்து. அதே வேலியில் வேலிப்பருத்தியும் நஞ்சறுப்பானும் படர்ந்திருக்கக் கூடும். வேலிப்பருத்தியின் இலை இதய வடிவம், கசக்கினால் நாற்றம். அதைப் பிரிப்பது எளிது. நஞ்சறுப்பான் அப்படியல்ல. அதன் இலையையும் வேரையும் ஆங்கிலேய மருத்துவர்கள் வாந்தி மருந்தாகப் பயன்படுத்தி, இபெகாகுவானா என்ற தென் அமெரிக்க மருந்துக்கு மாற்றாகவே வைத்திருந்தார்கள். தவறிப்போய் அந்த வேரை ஊறவைத்துக் குடித்தவர் குளிர்ச்சிக்குப் பதில் குமட்டலைத்தான் காண்பார். ஆகவே வேரைக் கீறி, பட்டையை நசுக்கி, மூக்கருகே பிடித்துப் பார்ப்பது நன்னாரி எடுப்பவர்களின் கட்டாயப் பழக்கம். வனிலாவை நினைவூட்டும் இனிய வாசம் வராவிட்டால் அந்த வேரை விட்டுவிட வேண்டியதுதான்.

வடமொழி மருத்துவ நூல்கள் இதைச் சாரிவா என்கின்றன. சரக சம்ஹிதை உடல் எரிச்சலைத் தணிக்கும் பத்துப் பொருள்களில் சந்தனம், வெட்டிவேர் ஆகியவற்றோடு இதையும் சேர்த்திருக்கிறது. சுசுருத சம்ஹிதையில் ஒரு மருந்துத் தொகுதியே சாரிவாவின் பெயரால் அழைக்கப்படுகிறது. அதிமதுரமும் சந்தனமும் வெட்டிவேரும் அதில் உடன் வருகின்றன. பிற்கால நூல்கள் வெள்ளை, கறுப்பு என இரண்டு சாரிவாக்களைப் பேசத் தொடங்கின. வெள்ளைச் சாரிவா நன்னாரி என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கறுப்பு எது என்பதில்தான் ஊருக்கு ஊர் விடை மாறியது. சில வட்டாரங்களில் இக்னோகார்பஸ் என்ற கொடியையும், வேறு சிலவற்றில் கிரிப்டோலெபிஸ் என்ற கொடியையும் அந்தப் பெயரில் விற்றார்கள். இரண்டிலும் பால் உண்டு. நன்னாரியின் வாசம் இரண்டிலும் இல்லை. ஏட்டில் ஒரு பெயரும் கடையில் மூன்று வேர்களுமாக இருந்த இந்த நிலை இன்றும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

சித்த மருத்துவத்தில் நன்னாரிக்கு நறுநெட்டி, பாதாளமூலி, சுகந்தி, அங்காரிமூலி எனப் பல பெயர்கள். பித்தம், உடல் சூடு, நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு, மேக நோய்கள், தோல் நோய்கள் ஆகியவற்றுக்கு இது சொல்லப்பட்டது. வேர்ப்பட்டையை அரைத்துப் பசும்பாலில் கலக்குவது ஒரு முறை, நசுக்கி வெந்நீரில் ஊறவைப்பது இன்னொன்று, ஊறல் நீரில் சர்க்கரை சேர்த்து மணப்பாகாக்குவது மூன்றாவது. கோடைச் சர்பத்துக்கு மூலம் இந்த மூன்றாவது முறையே. மருந்துக்கும் பானத்துக்கும் இடையே தமிழ் வீடுகள் அழுத்தமான கோடு எதையும் போடவில்லை. மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேரோடு நன்னாரி வேரையும் முடிந்து போட்டவர்கள் அதை மருந்து என்றும் சொல்லியிருக்கலாம், வாசத்துக்கு என்றும் சொல்லியிருக்கலாம்.

ஐரோப்பியர் இந்தக் கொடியை ஏட்டில் ஏற்றியது 17-ஆம் நூற்றாண்டில். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியான ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலில் நறுநீண்டி என்ற மலையாளப் பெயரோடு இது இடம்பெற்றது. 1753-இல் லின்னேயஸ் பெரிப்ளோகா இண்டிகா என்று பெயரிட்டார். 1810-இல் ராபர்ட் பிரவுன் ஹெமிடெஸ்மஸ் என்ற தனிப் பேரினத்தை வகுக்க, நன்னாரி அதன்கீழ் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் ஆனது. ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் கொடுத்த மற்றொரு பெயரில் 'போலிச் சார்சா' என்ற பொருள் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் இந்த வேரை எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

அவர்கள் மனதில் இருந்தது சார்சபரில்லா. 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்த வேர் அது. பரங்கிப்புண் என்று தமிழில் வழங்கிய சிபிலிஸ் நோய்க்கு மருந்தென்று ஐரோப்பா முழுவதும் விலைபோனது. கப்பலேறி இந்தியா வரை வருவதற்குள் விலை ஏறும், வீரியம் குறையும். அதற்கு உள்நாட்டு மாற்று ஒன்று கிடைத்தால் ராணுவ மருத்துவமனைகளுக்கு மிச்சம். நன்னாரியை 'நாட்டுச் சார்சபரில்லா' என்று அவர்கள் அழைக்கத் தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

சென்னை ராஜதானியில் பணியாற்றிய மருத்துவர் வைட்லா ஐன்ஸ்லி இதற்கு முன்பே தமிழ் வைத்தியர்களைக் கேட்டு எழுதியிருந்தார். 1813-இல் சென்னையில் வெளியாகி, 1826-இல் லண்டனில் மெட்டீரியா இண்டிகா என விரிந்த அவரது நூலில் நன்னாரி வேர் அதே தமிழ்ப் பெயரோடு இருக்கிறது. கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் தமிழ் வைத்தியர்கள் வேர்ப்பொடியைப் பசும்பாலில் கொடுப்பதாகவும், இரத்தத்தைச் சுத்தப்படுத்தவும் பித்தத்தைத் தணிக்கவும் சீரகத்தோடு குடிநீராகக் கொடுப்பதாகவும் அவர் பதிவு செய்தார். இருநூறு ஆண்டு கழித்தும் நாட்டு மருந்துக் கடைக்காரர் கைப்பக்குவமாகச் சொல்வது இதையேதான். ஐன்ஸ்லியின் நூலுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு: வேரோடு அதைக் கொடுத்தவர்களின் முறையையும் அவர் எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பலர் வேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1831-இல் ஆஷ்பர்னர் என்ற மருத்துவர் ஐரோப்பிய மருத்துவ உலகின் கவனத்தை நன்னாரியின் பக்கம் திருப்பினார். ஆனால் லண்டன் சேர்ந்த வேர்க்கட்டில் இலையும் இல்லை, பூவும் இல்லை. அது ஸ்மைலாக்ஸ் ஆஸ்பெரா என்ற வேறொரு கொடியின் வேர் என்று அங்கே சிலர் கருதினர். 1837-இல் கார்டன் என்ற லண்டன் வேதியியலாளர் வேரிலிருந்து ஆவியாகும் படிகப் பொருள் ஒன்றைப் பிரித்து, அந்தத் தவறான செடியின் பெயரையே ஒட்டி ஸ்மைலாஸ்பெரிக் அமிலம் என்று பெயர் சூட்டினார். உண்மையான செடி எது என்று தெளிவான பிறகு அந்தப் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. கரட்டில் வேர் தோண்டும் கை ஒரு நொடியில் அறிவதைச் செடியைக் காணாத ஆய்வுக்கூடம் சில ஆண்டுகள் தவறவிட்டது.

கல்கத்தாவில் மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷானெஸ்ஸி இந்த வேரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 2 அவுன்ஸ் வேரை ஒரு பைண்ட் வெந்நீரில், அதாவது ஏறக்குறைய 57 கிராமை 570 மில்லியில், ஊறவைத்து ஆற்றி நாளொன்றுக்குக் கொடுத்ததில் சிறுநீர் மூன்று நான்கு மடங்கு பெருகியதாகவும், வியர்வை உண்டானதாகவும், பசி கூடியதாகவும் 1842-இல் வெளிவந்த பெங்கால் டிஸ்பென்சேட்டரியில் எழுதினார். அவ்வளவு நீரைக் குடித்தாலே சிறுநீர் கூடும் என்று இன்றைய மருத்துவர் கேட்பார்; அந்தக் கேள்வி நியாயமானது. மருந்தில்லாத வெந்நீரைக் குடித்தவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை. எனினும் நீர்ச்சுருக்குக்கு நன்னாரி என்ற தமிழ் வைத்தியர் சொல்லுக்கு அவர் கண்டது முரணாகவும் இல்லை.

1864-இல் பிரிட்டிஷ் பார்மகோபியா என்ற மருந்து நூல் முதன்முதலாக வெளியானபோது நன்னாரி வேர் அதில் அதிகாரபூர்வ மருந்தாக இடம் பெற்றது. 1868-இல் எட்வர்ட் ஜான் வாரிங் பதிப்பித்த இந்திய பார்மகோபியாவிலும் இருந்தது. பிரிட்டிஷ் நூல் சொன்ன பாகின் செய்முறை கவனத்துக்குரியது. நசுக்கிய வேர் 4 அவுன்ஸ், கொதிநீர் ஒரு பைண்ட், சர்க்கரை 28 அவுன்ஸ். இன்றைய அளவில் சுமார் 113 கிராம் வேர், 570 மில்லி நீர், 790 கிராம் சர்க்கரை. மூடிய பாத்திரத்தில் வேரைக் கொதிநீரில் 4 மணி நேரம் ஊறவிட வேண்டும். வடிகட்டி, கசடு அடியில் தங்கும் வரை வைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, சர்க்கரையைச் சேர்த்து இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். வேரைக் கொதிக்க வைக்கச் சொல்லவே இல்லை.

காரணம் மணப்பொருளின் இயல்பில் இருக்கிறது. நன்னாரியின் வாசத்துக்குக் காரணமான 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடும் வனிலாவின் வனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை. அணுக்கூட்டங்கள் ஒட்டியிருக்கும் இடம் மட்டுமே வேறு. நன்னாரியின் மணப்பொருள் நீராவியோடு எளிதில் பறந்துவிடும். வேரைத் திறந்த சட்டியில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் அடுக்களை மணக்கும், பாகு மணக்காது. வீட்டுப் பழக்கமும் இதற்குப் பொருந்தியே வந்திருக்கிறது: வேரைக் கழுவி மண் போக்கி, அம்மியிலோ உரலிலோ நசுக்கி, உள்கட்டையை எடுத்தெறிந்து, பட்டையை மட்டும் வெந்நீரில் போட்டு, மூடி, இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் வடித்த நீர் கருஞ்சிவப்பாக இருக்கும். சர்க்கரையோ கருப்பட்டியோ சேர்த்துப் பாகு பிடிக்கும் பக்குவத்தில் இறக்கிவிட்டு, ஆறியபின் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விடுவதுண்டு. எலுமிச்சை சேர்ந்த பாகு உறைந்து கட்டியாவது குறையும்.

பார்மகோபியாவில் நன்னாரிக்குக் கிடைத்த இடம் நிலைக்கவில்லை. சார்சபரில்லாவுக்கு மாற்று என்ற பெயரில் உள்ளே போனதால் சார்சபரில்லாவின் மதிப்போடு கட்டுண்டே அதன் மதிப்பும் இருந்தது. 1910-இல் சிபிலிஸுக்குச் சால்வர்சான் என்ற மருந்து வந்தது. 1940-களில் பெனிசிலின் வந்தது. சிபிலிஸைச் சார்சபரில்லா குணப்படுத்தவில்லை என்பது வெளிப்பட்டதும் மாற்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. எரிச்சலுக்கும் சூட்டுக்கும் கொடுக்கப்பட்ட வேரை அந்த நோக்கத்தில் அளந்துபார்க்க அன்றைய அதிகார மருத்துவம் அக்கறை காட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். வேற்றுச் செடியின் அளவுகோலால் அளக்கப்பட்டு, அந்த அளவுகோல் முறிந்தபோது நன்னாரியும் ஒதுக்கப்பட்டது.

மருந்து நூல் கைவிட்டதைத் தெருக்கடை எடுத்துக்கொண்டது. சர்பத் என்ற பழக்கம் அரபு, பாரசீக நாடுகளின் வழியே இந்தியா வந்தது. அதற்குத் தெற்கே கிடைத்த உள்ளூர் வாசம் நன்னாரி. பனிக்கட்டி பரவலானதும் அது கோடையின் பானமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பனிக்கட்டி பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்து, சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் ஐஸ் ஹவுஸில் சேமிக்கப்பட்டது. அந்தப் பனிக்கட்டி செல்வந்தர் பண்டம். இயந்திரம் ஐஸ் செய்யத் தொடங்கிய பிறகே தள்ளுவண்டிக்காரர் கைக்கு அது எட்டியது. ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற, கோலி அடைத்த சோடா பாட்டிலும் இந்த வாசத்தோடு சேர்ந்துகொண்டது. பாகு, எலுமிச்சை, ஐஸ் தண்ணீர், ஊறிய சப்ஜா விதை; சர்பத் கடையின் சேர்மானம் இவ்வளவே. மதுரையின் ஜிகர்தண்டாவில் காய்ச்சிக் குறுக்கிய பாலுக்கும் பாதாம் பிசினுக்கும் நடுவே கருஞ்சிவப்பாக ஊற்றப்படுவதும் நன்னாரிப் பாகுதான். இலங்கையில் சிங்களர் இரமுசு என்று அழைக்கும் இதே கொடியின் வேரைத் தேநீர்போல வடித்துக் கருப்பட்டியோடு அருந்துவார்கள். இலையை அரைத்து இலைக்கஞ்சியிலும் சேர்ப்பார்கள்.

தேவை பெருகியபோது மெல்லிய வேர் போதவில்லை. அந்த இடத்துக்கு வந்தது மாகாளிக்கிழங்கு. 1834-இல் ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும் டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்று பெயரிட்ட இக்கொடி, தென்னிந்தியாவின் வறண்ட பாறை மலைகளில் மட்டுமே வளர்வது. நன்னாரியின் உறவு, இரண்டின் வாசத்துக்கும் அடிப்படை ஒரே வேதிப்பொருள். இலை அகன்று, நுனி மழுங்கி, வெண்கோடு இல்லாமல் இருக்கும். வேர் விரல் பருமனுக்கு மேல் தடித்து, சதைப்பற்றோடு கொத்தாக இறங்கும். மென்றால் நாக்கில் சுருக்கென்று ஒரு விறுவிறுப்பு எழும். தமிழ் வீடுகளில் இதற்குத் தனி மரியாதை ஊறுகாயில் இருக்கிறது. தோலைச் சீவி, நடுவிலுள்ள நாரை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய், கடுகுப் பொடியோடு கெட்டித் தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போடுவார்கள். மூட்டைப்பூச்சி வாசம் என்று முகம் சுளிப்பவரும் உண்டு. தயிர்சாதத்துக்கு வேறெதையும் தொடாதவரும் உண்டு.

ராயலசீமையில் நன்னாரி என்ற பெயரில் விற்கும் பாகில் பெரும்பகுதி இந்தப் பெருவேரிலிருந்து வருவது. சுவைக்கு அதில் குறையில்லை. மருந்துச் சரக்கில் மெல்லிய வேர் கேட்கும் இடத்தில் சொல்லாமல் பெருவேரைப் போடுவதுதான் தவறு. அதைவிடப் பெரிய இழப்பு மலையில் நடந்தது. கிழங்கைத் தோண்டினால் கொடி சாகும். யானாதிகளும் இருளர்களும் தலைமுறைகளாகத் தூரை விட்டு, ஒரு பக்க வேரை மட்டும் எடுத்து, குழியை மூடி வந்த பாறை இடுக்குகளில், சந்தை விலை ஏறியதும் கடப்பாரையோடு வெளியாரும் புகுந்தார்கள். மாகாளிக்கொடி இன்று உலக அளவில் அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நன்னாரி பரவலாக வளர்வதால் அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் வேலிகள் கம்பிவேலிகளாக மாறிய ஊர்களில் அதைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

கடைப் பாகுகளில் செயற்கை மணமும் கருக்கிய சர்க்கரையின் நிறமும் சேர்ந்தவை பல. வேரே இல்லாத பாகும் நன்னாரி என்ற பெயரில் கிடைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்குபவர் பழைய சோதனையையே செய்ய வேண்டும். பட்டை கழன்றுபோய் வெறும் கட்டை மிஞ்சிய கட்டு பயனற்றது. நகத்தால் கீறினதும் வாசம் எழவில்லை என்றால் வேர் நாட்பட்டது அல்லது வேறு செடியினுடையது.

மருந்தாக இதன் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. 1990-களில் கல்கத்தாவில் நடந்த ஆய்வுகள் நன்னாரி வேரிலிருந்து பிரித்த ஒரு பொருள் விரியன் நஞ்சின் சில விளைவுகளைச் சோதனை விலங்குகளில் தடுத்ததைக் காட்டின. இதை வைத்துப் பாம்புக் கடிக்கு வேர் கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். கடிபட்டவருக்கு மருத்துவமனையின் நஞ்சுமுறி மருந்தே தேவை. சிறுநீரக நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் வேரை மருந்தளவில் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு ஆகாதது வேரைவிடப் பாகில் இருக்கும் சர்க்கரை. சர்க்கரை சேர்க்காத ஊறல் நீரே அவர்களுக்கு ஏற்றது.

நன்னாரியை வீட்டிலும் வளர்க்கலாம். முதிர்ந்த தண்டையோ தூரோடு சேர்ந்த வேர்த்துண்டையோ மழைக்காலத் தொடக்கத்தில் மணற்பாங்கான மண்ணில் நட்டு, ஏறுவதற்குக் கொம்பு கொடுத்தால் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். முதலாண்டில் வேர் நூல்போல மெலிந்தே இருக்கும். எடுக்கத் தக்க பருமன் வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அப்போதும் ஒரு பக்கமாக மண்ணை விலக்கி, வெளியே ஓடிய வேர்களை மட்டும் அறுத்து, தூரைத் தொடாமல் மண்ணை மூடிவிட்டால் அடுத்த மழைக்குக் கொடி மறுபடி தழைக்கும். அறுத்த வேரைக் கழுவி நிழலில் உலர்த்தி, மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் வைத்தால் கோடை வரை வாசம் குறையாமல் இருக்கும்.